அரூர்ப் பக்கத்து வரலாற்றுக் காட்சிக்கூடம்: ஓராண்டு நிகழ்ச்சிகள் குறித்து ஒரு மதிப்புரை

தருமபுரி மாவட்டத்தில் பழம்பொருள் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வருவது, தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் அங்கே வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் நடுகற்களுமே (சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்கள்). கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு 1993இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் உண்டு. இவை இரண்டும் அல்லாமல், அரூர் வட்டத்தில் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சிறிய வரலாற்றுக் காட்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. பழைய ஊராட்சிக் கட்டடத்தின் இரண்டு அறைகளும் ஒரு திண்ணையும்தான் அதன் இடம். படி, வள்ளம், கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் முறை) இறைத்த காலத்துச் சால், உரல், குதிர், சில கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், இரும்புச் சிட்டம் (இரும்புக் கசடு), நடுகற்களின் புகைப்படங்கள் ஆகியவை உள்ளே இருக்கின்றன. பொருள்களை மட்டும் பார்ப்பதென்றால் அரை மணி நேரம் போதும். ஆனால் கடந்த தை முதல் மார்கழி வரை இந்தக் கூடம் ஊராரைச் சேர்த்துக்கொண்டு நடத்திய நிகழ்ச்சிகளுக்காக, அரூருக்கு அப்பாலிருந்தும் வந்து போவது தகும் என்பது என் கருத்து. அந்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றில் நான் கலந்துகொண்டேன். நிறைகளையும் குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எத்தனை பேர் வந்தார்கள், எந்த அதிகாரி தலைமை தாங்கினார், நாளிதழில் படம் வந்ததா என்பவை நடத்துகிறவர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடியவை. பார்வையாளனாகிய எனக்கு அளவுகோல் வேறு. நிகழ்ச்சி முடிந்த மறுவாரம் கூடத்துக்குள் நுழைகிற ஒருவருக்கு, முந்தைய வாரம் அங்கே தெரிந்துகொள்ள முடியாத ஏதேனும் ஒன்று புதிதாகக் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு பெயர்ச்சீட்டு திருத்தப்பட்டிருக்கலாம், ஒரு வரைபடம் சுவரில் ஏறியிருக்கலாம், பதிவேட்டில் ஒரு பக்கம் கூடியிருக்கலாம். ஊரின் வரலாற்றைச் சொல்லும் கூடத்துக்கு ஊரார் வந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போன பிறகு அது எங்கும் எழுதப்படாமல் போகுமானால், நிகழ்ச்சி எவ்வளவு கலகலப்பாக நடந்திருந்தாலும் அதைப் பாதி நிகழ்ச்சி என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்த அளவுகோலின்படி ஆண்டின் தலைசிறந்த நிகழ்ச்சி தை மாதத்தில் நடந்த நடுகல் நடைதான். எங்கள் பக்கத்தில் நடுகற்கள் கூடங்களுக்குள் இருப்பதைவிட வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்பவையே அதிகம். அவற்றில் பல இன்றும் வேடியப்பன் என்ற ஊர்த் தெய்வமாகப் பூசை பெறுகின்றன. பூசையில் இருக்கும் கல்லைப் படிக்கப் போவதில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் படிந்து எழுத்து மூடியிருக்கும். படிக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைத் தேய்க்கத் தொடங்கினால் பூசை செய்யும் குடும்பத்தார் மனம் புண்படும், கல்லுக்கும் கேடு. காட்சிக்கூடத்தார் இதற்குக் கண்ட வழி எளிமையானது, மரியாதையும் உடையது. பொங்கலை ஒட்டி அந்தக் குடும்பத்தார் தாங்களே கல்லைக் கழுவிப் புதுத்துணி சாத்தும் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டறிந்து, நடையை அன்றைய காலைக்கு வைத்துக்கொண்டார்கள். கல்லைக் கழுவியது குடும்பத்தார். கழுவியதற்கும் துணி சாத்தியதற்கும் இடைப்பட்ட நேரம்தான் எங்களுக்குரியது.

அந்த நேரம் சூரியன் எழும்பிச் சிறிது பொழுதே ஆகியிருந்ததால், வெயில் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. நடுப்பகலில் வெறும் பரப்பாகத் தெரியும் கல், அப்படிப்பட்ட ஒளியில் ஒவ்வொரு கோட்டையும் நிழலோடு காட்டுகிறது. இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், மார்பிலும் தொடையிலும் தைத்த அம்புகள், காலருகே ஒரு கெண்டியும் ஒரு சிமிழும் என்று வீரன் முழுதாக எழுந்து நின்றான். தலைக்கு மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள். இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன தலைவனிடம் சேவகம் செய்த இன்னார், கவர்ந்து செல்லப்பட்ட மாட்டு மந்தையை மீட்டு அந்தச் சண்டையில் பட்டார், அதாவது இறந்தார், என்பதே இவ்வகைக் கற்களில் காணும் பொதுவான வாசகம். வழிகாட்டியாக வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அதை எழுத்து எழுத்தாகச் சுட்டிக்காட்டிப் படித்தார். தேய்ந்துபோன இடங்களில் ஊகத்தால் நிரப்பாமல், இங்கே எழுத்து இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல்லில் வீரனோடு கோவிவன் என்ற நாயும் செதுக்கப்பட்டிருப்பதையும், அந்த நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டே சொல்வதையும் அவர் எடுத்துக்கூறியபோது, அதுவரை வரப்பில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கல்லருகே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் அன்றைய நடையை ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி ஆக்கியது ஆசிரியரின் விளக்கம் மட்டும் அன்று. பூசை செய்யும் குடும்பத்து மூதாட்டி ஒருவர், எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, "எங்க மாமியா காலத்துல இந்தக் கல்லு ஏரிக்குள்ள இருந்துது கண்ணு. தண்ணி ஏறுனா சாமி முழுகிப் போவுதுன்னு ஊரே சேந்து வண்டி கட்டி இங்க தூக்கியாந்து வெச்சாங்க" என்றார். கல்வெட்டைப் படிப்பவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று. கல் எங்கே நட்டிருந்தது என்பதை வைத்துத்தான் சண்டை நடந்த இடம், மந்தை போன வழி, பழைய ஊர் இருந்த திசை ஆகியவற்றைக் கணிக்க முயல்கிறோம். கல் இடம் மாறியது தெரியாமல் செய்யும் கணிப்பு முழுவதும் தவறிப்போகும். அந்தச் செய்தி எந்த எழுத்திலும் கிடையாது. காட்சிக்கூடத்து இளைஞர் ஒருவர் அங்கேயே அவரோடு ஏரிக்குள் நடந்து போய், கல் முன்பு இருந்ததாக அவர் காட்டிய இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். சில நாட்களில் கூடத்துச் சுவரில் அந்தக் கல்லின் படத்துக்குக் கீழே, இடம் மாறிய விவரமும் அதைச் சொன்னவரின் குடும்பமும் அச்சிட்ட சீட்டில் சேர்ந்திருந்தன.

சித்திரையில் வந்த உலக மரபு நாள் நிகழ்ச்சியைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஏப்ரல் 18 அன்று மேடை போட்டார்கள், வரவேற்புரையும் வாழ்த்துரைகளும் பொன்னாடைகளுமாக நேரம் போயிற்று, சிறப்புரையாளர் பேச எழுந்தபோது வெயில் ஏறி மக்கள் கலையத் தொடங்கியிருந்தார்கள். மறுவாரம் கூடத்தில் புதிதாக இருந்தது அந்த விழாவின் பதாகை ஒன்றுதான்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக நடத்திய முகாம் அதற்கு நேர்மாறாக அமைந்தது. மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள் என்பதால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் பகுதி எழுத்து. தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிக்காட்டி, உடைந்த கூரை ஓட்டுச் சில்லுகளில் கரியால் அவரவர் பெயரை எழுதச் சொன்னார்கள். பழைய பானை ஓடுகளை இதற்குப் பயன்படுத்தாமல், பிள்ளைகளிடம் ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதையும் விளக்கிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எழுதிப் பழகிய பிறகு, 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் கண்டறியப்பட்ட கல்வெட்டின் படத்தைக் காட்டினார்கள். "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" (சதியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம்) என்ற அந்த ஒற்றை வரியைத் தாங்களே எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகளுக்கு, பாடப்புத்தகத்தில் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாக மட்டும் அறிந்திருந்த அதியமான், தகடூரை (இன்றைய தருமபுரியை) ஆண்ட மனிதனாக அப்போதுதான் தெரியவந்தான். அசோகரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு இந்த வரிதான் விடை தந்தது என்பதையும் சொன்னார்கள். தருமபுரிப் பிள்ளைகள் பெருமையோடு தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. அதை மேடைப் பேச்சாக அல்லாமல் கையெழுத்துப் பயிற்சியின் முடிவில் வைத்தது நல்ல ஆசிரியர்களின் வேலை.

முகாமின் இரண்டாம் பகுதி கிணறுகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் தாத்தா பாட்டியிடம் கேட்டு, தங்கள் பக்கத்துக் கிணறுகளின் பெயர், யார் வெட்டியது, கவலை இறைத்த காலம் எது, மோட்டார் வந்தது எப்போது, வற்றியது எப்போது என்று எழுதிக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய தாளில் ஊர் வரைபடம் வரைந்தார்கள். தூர்ந்துபோன கிணறுகள் கருப்பு வட்டம், நீர் உள்ளவை நீல வட்டம். சில கிணறுகளுக்கு இரண்டு தெருக்காரர்கள் இரண்டு பெயர் சொன்னார்கள், இரண்டையும் எழுதினார்கள். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்க விடப்படவில்லை என்பதையும் ஒரு பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார், பெயர்த்தி அதை அப்படியே எழுதிவந்தாள், அதுவும் வரைபடத்தில் இடம்பெற்றது. அதை நீக்கிவிடலாம் என்று பேச்சு எழுந்ததாகவும், நடத்தியவர்கள் உறுதியாக மறுத்ததாகவும் அறிந்தேன். அந்த வரைபடம் இன்றும் முதல் அறையின் சுவரில் இருக்கிறது. கூடத்துக்குப் போகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அதன்முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதத்தில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டதிலிருந்து, இந்த ஊர்ப்பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. பயணத்தின் சிறப்பு, அந்த ஆண்டு எண்ணை முழக்கமாக்காமல், அது எப்படி வந்தது என்பதை விளக்கியதில் இருந்தது. காலம் கணிக்கப்படுவது மண்ணடுக்கில் கிடைக்கும் கரிமப் பொருளுக்குத்தான், அதே அடுக்கில் கிடைத்ததால் இரும்புக்கும் அந்தக் காலம் கொள்ளப்படுகிறது, ஆகவே எந்தப் பொருள் எந்த அடுக்கில் எத்தனை ஆழத்தில் கிடைத்தது என்ற பதிவு பொருளைவிட மதிப்பு மிக்கது என்று பாறையடியில் நின்று பொறுமையாகச் சொன்னார்கள். வேனில் எங்களோடு வந்திருந்த கொல்லர் ஒருவர், திரும்பும் வழியில், எங்கள் ஊர்க் காட்டில் கிடக்கும் சிட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எந்தச் சிட்டம் இரும்பு உருக்கியபோது வழிந்தது, எது பட்டறையில் காய்ச்சி அடித்தபோது உதிர்ந்தது என்று எடையையும் துளைகளையும் வைத்து எப்படிப் பிரிப்பது என்பது அவர் பேச்சின் பொருள். அன்றைய நாளின் மிகச் சிறந்த உரை அதுதான், ஆனால் வேனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் எழுதவில்லை. கூடத்தில் இருக்கும் சிட்டத் துண்டுகளுக்கு இன்றுவரை "இரும்புக் கசடு" என்ற ஒற்றைச் சீட்டுதான். அந்தக் கொல்லரை ஒரு மாலை கூடத்துக்கு அழைத்து உட்கார வைத்தால் அந்தச் சீட்டு ஒரு பக்கமாக வளரும்.

ஆடியில் நடந்த ரயில் மாலை எதிர்பாராத அளவுக்குக் கூட்டம் சேர்த்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறும்பாதை ரயில் ஓடத் தொடங்கியதும், பின்னர் ஓசூர் வரை நீண்டதும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டதும் இந்த மாவட்டத்தில் பலருக்குச் செவிவழிச் செய்தி. மொரப்பூர் தருமபுரி அகலப் பாதைக்கு நிலம் எடுக்கும் பேச்சு நடக்கும் இந்நாளில் அந்தப் பழைய பாதையைப் பற்றிக் கேட்க ஊரே திரண்டது வியப்பில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876 முதல் 1878 வரையிலான கொடுமைக்குப் பிறகு, தானியத்தை வறண்ட பகுதிகளுக்கு விரைவாகக் கொண்டுசேர்க்க ரயில் பாதை வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு வலுத்தது. அந்தப் பின்னணியைப் பேச்சாளர் தெளிவாகச் சொன்னார். அதன்பின் ஒலிவாங்கி கூட்டத்துக்குள் போயிற்று. பாட்டனார் ரயிலில் புளி மூட்டை ஏற்றி அனுப்பிய கதை, மேட்டில் வண்டி மெதுவாக ஏறும்போது இறங்கி நடந்து மறுபடி ஏறிக்கொண்ட கதை, தண்டவாளம் கிடந்த மேட்டின் மேல் இன்று யாருடைய தோட்டம் இருக்கிறது என்ற தகராறு எல்லாம் வந்தன. கேட்கக் கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. ஒலிப்பதிவும் செய்தார்கள். ஆனால் அந்தப் பதிவை எழுத்தாக்கும் வேலை ஆண்டு முடியும் வரை தொடங்கவில்லை என்று கேட்டறிந்தபோது வருத்தம்தான் மிஞ்சியது. அன்று பேசியவர்களில் பலர் எண்பதைக் கடந்தவர்கள். எந்தக் குரல் யாருடையது என்று அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டிய வேலை அது.

புரட்டாசியில் இரண்டு நாள் நடந்த, கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கும் மைப்படிப் பயிற்சியைத் தொழில் நேர்த்திக்காக முதலில் பாராட்ட வேண்டும். பூசையில் இல்லாத, காட்சிக்கூட முற்றத்தில் நிறுத்தப்பட்ட கல் ஒன்றில் பயிற்சி நடந்தது. கல்லைத் தண்ணீர் ஊற்றி மென்மையான தூரிகையால் கழுவி, ஈரப்படுத்திய தாளை அதன்மேல் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் காற்றை வெளியேற்றினார்கள். பிறகு அடர்ந்த மயிருள்ள தட்டுத் தூரிகையால் செங்குத்தாக, ஒரே சீராக, தட்டிக்கொண்டே போனார்கள். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும் வரை தட்ட வேண்டும். கூடுதலாகத் தட்டினால் கிழியும். தாள் பாதி காய்ந்த பதத்தில், விளக்குக் கரியும் பசையும் கலந்த மையைத் துணிப் பந்தில் தொட்டு, அதை முதலில் ஒரு பலகையில் ஒற்றி, மிகுதியான மையைப் போக்கிவிட்டுத் தாளின்மேல் மெல்ல ஒற்றுகிறார்கள். மேடான பரப்பெல்லாம் கருப்பாகிப் பள்ளத்தில் உள்ள எழுத்துகள் வெள்ளையாகவே நிற்கின்றன. கண்ணுக்கு முன்னால் வரி வரியாக எழுத்து வெளிப்படும் அந்த வேளையில் முற்றத்தில் இருந்த எல்லோரும் தாளை நோக்கிக் குனிந்துவிட்டோம்.

பயிற்சி நடத்தியவர் வலியுறுத்திச் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். எழுத்து தெரிவதற்காகக் கல்லில் சுண்ணக்கட்டியால் கோடு இழுப்பதும், மாவைப் பூசுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், கோயில் திருப்பணி என்று மணல் வீச்சு இயந்திரத்தால் சுத்தம் செய்வதும், வண்ணம் அடிப்பதும் கல்வெட்டுக்குச் செய்யும் தீங்கு. சுண்ணக்கட்டியால் நாம் இழுக்கும் கோடு நாம் நினைத்த எழுத்தே தவிரக் கல்லில் இருக்கும் எழுத்து ஆகாது. படம் எடுத்துப் பரப்பினால் அந்தத் தவறான வாசிப்பே நிலைத்துவிடும். எங்கள் பக்கத்தில் கல்லைக் கண்டவுடன் சுண்ணக்கட்டியோடு கிளம்பும் ஆர்வலர்கள் பெருகியிருப்பதால், இந்தப் பயிற்சியைக் கூடத்தார் ஆண்டுதோறும் நடத்த வேண்டும். அன்று எடுத்த மைப்படிகளில் நன்றாக வந்த ஒன்றைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். அருகிலேயே இன்றைய எழுத்தில் வரிக்கு வரி வாசகமும், படிக்க இயலாத இடங்களில் புள்ளிகளும் தரப்பட்டுள்ளன. சரியான முறை அது.

கார்த்திகையில், நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலக மரபு வாரத்தில், வீட்டு ஆவண நாள் வைத்தார்கள். பழைய கிரையப் பத்திரம், ஓலைச்சுவடி, கல்யாணப் பத்திரிகை, புகைப்படம் என எது இருந்தாலும் எடுத்துவாருங்கள், மின்படி எடுத்துக்கொண்டு அசலை உங்களிடமே தருகிறோம் என்பது அழைப்பு. எண்ணம் மிக நல்லது. சுவடி கொண்டுவந்த ஒரு குடும்பத்துக்கு, எலுமிச்சம்புல் எண்ணெய் தடவித் துடைப்பது எப்படி, எழுத்து தெரிய விளக்குக் கரியை எப்படிப் பூசுவது என்று செய்தே காட்டினார்கள். வயலில் உழும்போது கிடைத்ததாகச் சில காசுகளை ஒருவர் மடியிலிருந்து எடுத்தபோது, அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளாமல், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லி, கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துச் சென்றார்கள். ஆர்வத்தில் வரம்பு மீறும் சிறிய கூடங்கள் பல உண்டு என்பதால் இந்த ஒழுங்கைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

ஆனால் ஏற்பாட்டில் குறை இருந்தது. மின்படி எடுக்கும் கருவி ஒன்றே இருந்ததால் வரிசை நீண்டது; கூலி வேலையை விட்டுவந்த பெண்கள் சிலர் காத்திருந்து காத்திருந்து ஆவணத்தோடு திரும்பிப் போனார்கள். நாங்கள் கொடுத்த குடும்பப் புகைப்படங்களுக்கு மின்படி அனுப்புவதாகச் சொன்னது இன்னும் வரவில்லை, கேட்டால் அடுத்த வாரம் என்ற பதில்தான் கிடைக்கிறது. கொடுத்த படத்தை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று குடும்பத்தாரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கும் படிவமும் அன்று இல்லை. நிலப் பத்திரம் என்பது எங்கள் ஊரில் இன்றும் வழக்கு நடக்கும் காகிதம். அதை நம்பிக் கையில் கொடுத்தவர்களுக்கு, அது யார் கண்ணில் படும் என்ற தெளிவு தரப்பட வேண்டும்.

மார்கழித் தொடக்கத்தில் நடந்த கருவிகள் நாள் எனக்கு நிறைவும் உறுத்தலும் ஒருசேரத் தந்தது. சித்தேரி மலையிலிருந்து மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் சிலரை அழைத்திருந்தார்கள். இரண்டாம் அறையின் ஒரு மூலையில் "மலைவாழ் மக்கள் கருவிகள்" என்ற பொதுச் சீட்டின் கீழ் சுரைக்குடுக்கை, மூங்கில் கூடைகள், தேன் எடுக்கும் ஏணிக் கயிறு, உரல் எல்லாம் குவிந்து கிடந்தன. வந்தவர்கள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது சாமை அளக்க, இது விதை வைக்க, இந்தக் கூடையின் பின்னல் எங்கள் ஊருடையது அன்று, அடுத்த மலையுடையது என்று பிரித்து வைத்தார்கள். ஏணிக் கயிற்றைப் பார்த்த ஒரு பெரியவர், அதில் முடிச்சுகள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டிருப்பதைக் காட்டி, "இப்பிடித் தொங்கவுட்டா ஏறுறவன் கீழதான் வுழுவான் சாமி" என்று சொல்லி, தானே அதைக் கழற்றிச் சரியாக மாட்டினார். மறுவாரம் போனபோது அந்தப் பொதுச் சீட்டு போய், ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சீட்டு வந்திருந்தது. ஓராண்டில் கூடத்தின் காட்சி அமைப்பே மாறிய ஒரே இடம் அந்த மூலைதான். உறுத்தல் எதுவென்றால், விளக்கம் சொன்னவர்களுக்கு அன்று மேடையில் இடம் இல்லை. நிகழ்ச்சி நிரலில் அவர்கள் பெயருக்குப் பதில் "பழங்குடியினர் ஆட்டம்" என்றுதான் அச்சாகியிருந்தது. அறிவு தந்தவர்களை ஆட வந்தவர்களாகக் காட்டுவது அடுத்த ஆண்டு தொடரக் கூடாது. அந்தச் சீட்டுகளின் அடியில் சொன்னவர் பெயரும், அவர்கள் விரும்பினால், சேர வேண்டும்.

அன்றிரவு தெருக்கூத்தும் நடந்தது. அருச்சுனன் தபசு. எங்கள் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களின் குரலையும் அடவையும் நான் புகழ்ந்து தெரிய வேண்டியதில்லை. கட்டை கட்டி முகம் எழுதும் வேலையை ஒளிக்காமல் திண்ணையிலேயே செய்யச் சொல்லி, பிள்ளைகள் கேள்வி கேட்க விட்டது நல்ல ஏற்பாடு. ஒலிபெருக்கி மட்டும் பாட்டை விழுங்கிவிட்டது. கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும் சாமைச் சோறும் பந்தியில் பரிமாறினார்கள். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பொதுவாகச் சில நடைமுறைக் குறிப்புகள். எல்லா நிகழ்ச்சிகளும் கட்டணமில்லாதவை, வாசலில் ஒரு நன்கொடைப் பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளுக்கும் வேலை நாள் நிகழ்ச்சிகளுக்கும் கூட்டத்தில் பெரிய வேறுபாடு தெரிந்தது. விடிவதற்கு முன்பே கம்பெனி வேனில் பர்கூருக்கும் ஓசூருக்கும் போய் இருட்டிய பின் திரும்பும் பெண்கள் ஞாயிறன்று மட்டுமே வர முடியும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன ஆண்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் ஊரில் இருப்பார்கள். ஆவண நாளைப் புதன்கிழமை வைத்தது இதனால்தான் தவறு. கட்டடத்தில் பெண்களுக்கான கழிப்பறை இல்லை, பக்கத்துப் பள்ளியின் சாவியை வாங்கித் திறக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் நடக்கும் பயிற்சிகளுக்கு இது பெரிய தடை. வாசலில் உள்ள மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டால் முதியவர்கள் திண்ணையோடு நின்றுவிட மாட்டார்கள். இரவு நிகழ்ச்சி என்றால் கடைசிப் பேருந்து போய்விடும் என்பதால் வெளியூர்க்காரர்கள் வண்டி ஏற்பாட்டோடு வருவது நல்லது.

அடுத்த ஆண்டு நிரலைத் திட்டமிடும் கூட்டம் தை பிறந்ததும் நடக்கும் என்றும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்றும் அறிவித்திருக்கிறார்கள். நான் போய் இரண்டு கோரிக்கைகளை வைக்க இருக்கிறேன். ஒன்று, நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் ஒரு முழு நாளை, பேசியதை எழுதவும் பதிவேட்டில் சேர்க்கவும் சீட்டுகளைத் திருத்தவும் ஒதுக்க வேண்டும். எழுத ஆள் வேண்டுமென்றால் கல்லூரியில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஆயத்தமாக இருக்கிறார்கள். இரண்டு, ரயில் மாலையின் ஒலிப்பதிவை மாசி மாதத்துக்குள் எழுத்தாக்கி, பேசிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு படி கொண்டுபோய்க் கொடுத்து, பிழை இருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும். இந்த மதிப்புரையைப் படிப்பவர்களில் மொரப்பூர், தருமபுரி, ஓசூர்ப் பாதை சம்பந்தமான சீட்டு, படம், ரசீது எதையேனும் வீட்டில் வைத்திருப்பவர்கள் இருந்தால், அசலைக் கொடுத்துவிடாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்.